வேதியியல்

பல்கலைக்கழகத் துறைப் பெயராக இன்று வழங்கும் ‘வேதியியல்’ என்னும் சொல்லின் முதற்பகுதி, மறையோதுவோரைக் குறிக்கும் ‘வேதியர்’ என்பதோடு ஒலியால் ஒத்தாலும் பிறப்பால் வேறானது. அறிதலைக் குறிக்கும் ‘வித்’ என்னும் வடமொழி வேரிலிருந்து வேதம் பிறந்தது. ‘வேதித்தல்’ என்பதோ, துளைத்தலைக் குறிக்கும் வடசொல்லோடு உறவுடையது. பாதரசம் தாழ்ந்த உலோகத்தை ஊடுருவிப் பொன்னாக்கும் எனக் கருதிய இரசவாதிகள், அம்மாற்றத்தை ‘வேதை’ என்றனர். கன்னடத்தில் இத்துறை ‘ரசாயனசாஸ்திர’ எனப்படுகிறது. அங்கே ரசம் என்னும் பொருள் முன்னிற்க, தமிழ்ச்சொல்லில் மாற்றம் என்னும் நிகழ்வு முன்னிற்கிறது. பொன்னாசை மறைந்த பின்னும், ஒரு பொருள் மற்றொன்றாக மாறுவதை ஆய்வகத்தில் ஆராயும் துறைக்கு இப்பெயர் முற்றிலும் பொருந்துகிறது.