ஓராண்டு ஒப்பந்தத்தில் ஒரு பாரிஸ்டர்

பெயர் பெற்ற வக்கீலின் மேஜைமேல் வழக்குக் கட்டுகள் குவிந்து கிடக்கும். அத்தனையையும் அவர் ஒருவரே பார்க்க இயலாது. அதே ஊரில் பட்டம் பெற்ற வேறொருவர், கட்சிக்காரர் எவரேனும் வருவாரா என்று வாயிலை நோக்கி அமர்ந்திருப்பார். முன்னவருக்கு மிஞ்சிய வேலையைப் பின்னவர் ஊதியம் பெற்றுச் செய்து கொடுப்பது நெடுநாளைய வழக்கம். நம் வரலாற்றில் இவ்வழக்கத்துக்கு ஒரு பெரிய இடம் உண்டு என்பது என் கருத்து. காந்தியடிகளைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பியது இதுதான்.

1891-ஆம் ஆண்டில் பாரிஸ்டராகத் தாயகம் திரும்பிய அவருக்குப் பம்பாயில் தொழில் நடக்கவில்லை. முதல் வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவர் நாவெழாமல் அமர்ந்துவிட்டார்; பெற்ற 30 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். பின்னர் ராஜ்கோட்டுக்குச் சென்றார். தமையனாரின் கூட்டாளியான வக்கீல் ஒருவருக்கு அங்கே நல்ல வரும்படி. முக்கியமான மனுக்களைப் பெரிய பாரிஸ்டர்களுக்கு அனுப்பிவிட்டு, ஏழைக் கட்சிக்காரர்களின் மனுக்களை எழுதும் வேலையை அவர் காந்திக்குத் தந்தார். மாதம் சராசரி 300 ரூபாய் கிடைத்தது. ஆனால், பம்பாயில் தரகருக்குக் கமிஷன் தர மறுத்தவர் இங்கே அக்கொள்கையைத் தளர்த்த நேர்ந்தது. மிச்ச வேலையை நம்பி வாழ்பவனுக்கு இந்த நெருக்கடி புதிதன்று.

1893-இல் போர்பந்தர் மேமன் வணிகரான தாதா அப்துல்லாவின் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. தென்னாப்பிரிக்காவில் அவர்களுக்கு 40,000 பவுன் பெறுமான வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதற்குத் தேர்ந்த வக்கீல்களை முன்னரே அமர்த்தியிருந்தார்கள். அவர்களுக்கு விஷயத்தை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஓராண்டுக்கு மேற்படாத வேலை. 105 பவுன் சம்பளம், முதல் வகுப்புப் பிரயாணச் செலவு, உணவு, உறைவிடம். பாரிஸ்டர் பதவியா, கம்பெனிச் சிப்பந்தி வேலையா என்று கேட்டால், பின்னதற்கே இது அதிகம் நெருங்கியது. காந்தியும் அதை அறிந்தே ஒப்புக்கொண்டார்.

வழியில் மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் அவர் ரயிலிலிருந்து இறக்கப்பட்ட கதை மாணவர்களாகிய உங்களுக்குத் தெரிந்ததே. நான் பேச வந்தது அவர் போய்ச் சேர்ந்த வேலையைப் பற்றி.

பிரிட்டோரியாவில் கம்பெனியின் அட்டர்னியான பேக்கர், நீதிமன்றத்தில் வாதாட ஆள் இருக்கிறது, தகவல் தந்தால் போதும் என்ற கருத்தை முதலிலேயே தெரிவித்துவிட்டார். எஞ்சியது என்ன? கணக்குகள், கடன் பத்திரங்கள், குஜராத்திக் கடிதங்கள். பெரிய வக்கீல்களால் படிக்க முடியாத காகிதங்கள் அவை. காந்திக்கோ கணக்கு எழுதும் முறையே தெரியாது. ஒரு புத்தகத்தை வாங்கி அதைக் கற்றார், கடிதங்களை மொழிபெயர்த்தார், காகிதம் ஒவ்வொன்றையும் படித்தார். வாதாடும் உரிமை இல்லாத அந்த இளைஞர் வழக்கின் உண்மைகளை நுணுக்கமாக அறிந்தவரானார். சட்டக் கல்லூரியில் பயில்வோர் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும். உதவியாளனுக்கு ஒதுக்கப்படும் சலிப்பூட்டும் வேலையில்தான் பல சமயங்களில் வழக்கின் உயிர்நாடி இருக்கிறது.

தம் கட்சிக்கே வலு மிகுதி என்று அவர் கண்டார். வழக்கு நீண்டால் இரு தரப்பாரும் அழிவர் என்பதையும் கண்டார். எதிராளி தயேப் சேட் அப்துல்லாவுக்கு உறவினர். வக்கீல் கட்டணமோ ஏறிக்கொண்டே போயிற்று. காந்தியின் சம்பளம் மட்டும் ஏறாது; அது ஓராண்டுக்கு நிர்ணயிக்கப்பட்டது! அவர் இரு தரப்பாரிடமும் பேசி மத்தியஸ்தத்துக்கு இணங்கச் செய்தார்.

தீர்ப்பு அப்துல்லாவுக்குச் சாதகமாயிற்று. தயேப் சேட் 37,000 பவுனும் செலவுத் தொகையும் கொடுக்க வேண்டும். ஒரே முறையில் செலுத்தினால் அவர் திவாலாவார். அந்த வணிகர்களுக்கோ திவாலாவதைவிடச் சாவதே மேல். நீண்ட தவணைகளில் பெற்றுக்கொள்ளுமாறு அப்துல்லாவை இசைய வைப்பது, மத்தியஸ்தத்துக்கு இணங்க வைத்ததைவிடக் கடினமாக இருந்தது. அதுவும் நிறைவேறியது.

வேலை முடிந்தது. 1894-இல் ஊர் திரும்ப டர்பனுக்கு வந்தார். நேட்டால் சட்டசபையில் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வந்திருந்தது. வணிகர்கள் அவரைத் தங்கச் சொன்னார்கள். பொதுப்பணிக்கு ஊதியம் பெற அவர் மறுத்தார். ஆயினும் குடும்பம் நடத்த ஆண்டுக்கு 300 பவுனாவது வேண்டும். ஆகவே ஏறக்குறைய 20 வணிகர்கள் முன்பணம் கொடுத்துத் தங்கள் சட்ட வேலைகளை ஓராண்டுக்கு அவரிடம் ஒப்படைத்தார்கள். பிரிவுபசாரப் பணமுடிப்பாகத் தர எண்ணியிருந்த தொகைக்குப் பதிலாக, தாதா அப்துல்லா வீட்டுச் சாமான்கள் வாங்கிக் கொடுத்தார்.