தடை, ரீ-என்ட்ரி, மறுபடி மாயம், மறுபடி ரீ-என்ட்ரி... பி.ஜி.எம்.ஐ பற்றி பிளேயர்கள் சொல்வது என்ன? முழு விவரம்

ஒரு கேம் தடை செய்யப்படுகிறது. வேறு பெயரில் திரும்பி வருகிறது. ஒரு வருஷம் கழித்து மறுபடியும் காணாமல் போகிறது. பத்து மாதம் கழித்து மறுபடியும் வருகிறது. கேட்டால் சினிமா கதை மாதிரி இருக்கும். ஆனால் 'பப்ஜி' என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மொபைல் கேமுக்கு இந்தியாவில் நடந்தது இதுதான்.

மதுரையில் கல்லூரி விட்டு பஸ்ஸுக்கு நிற்கும் பசங்களில் இருந்து மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் ராத்திரி சாப்பிட்டு முடித்து ஸ்குவாட் சேர்கிறவர்கள் வரை, இந்தக் கேமை ஆடிய யாரைக் கேட்டாலும் ஒரு கருத்து இருக்கும். திரும்பி வந்த பி.ஜி.எம்.ஐ நன்றாக இருக்கிறதா? பழைய பப்ஜி மாதிரி இருக்கிறதா? எதில் சந்தோஷம், எதில் கடுப்பு? மறுபடியும் போய்விடுமா? விரிவாகப் பார்ப்போம்.

இதுவரை நடந்தது என்ன?

* 2018 மார்ச்: பப்ஜி மொபைல் உலக அளவில் வெளியானது. ஒரே மேப்பில் 100 பேர் இறங்கி, கடைசியாக மிஞ்சும் நபரோ அணியோ ஜெயிப்பதுதான் ஆட்டம்.
* 2020 செப்டம்பர் 2: பப்ஜி மொபைல் உள்பட 118 ஆப்களுக்கு மத்திய அரசு தடை விதித்தது.
* 2020 அக்டோபர் 30: இந்திய பிளேயர்களுக்கான சர்வர் சேவை முழுமையாக நிறுத்தப்பட்டது.
* 2021 ஜூலை 2: 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற புதுப் பெயரில் ஆண்ட்ராய்டில் வந்தது. சுருக்கமாக பி.ஜி.எம்.ஐ. ஐபோனுக்கு ஆகஸ்ட் 18-ல் வந்தது.
* 2022 ஜூலை 28: கூகுள், ஆப்பிள் ஆப் ஸ்டோர்களில் இருந்து திடீரென நீக்கப்பட்டது.
* 2023 மே 19: கேம் திரும்பி வருவதாக கிராஃப்டன் நிறுவனம் அறிவித்தது. மே 29 முதல் மறுபடி ஆட முடிந்தது.

ஏன் தடை வந்தது?

2020-ல் எல்லையில் இந்தியா-சீனா பதற்றம் உச்சத்தில் இருந்தது. பப்ஜியை உருவாக்கியது தென்கொரிய நிறுவனம். ஆனால் மொபைல் வெர்ஷனை இந்தியாவில் வெளியிட்டது சீனாவின் டென்சென்ட். இந்தியர்களின் டேட்டா வெளியே போகிறது, நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் தடை விதிக்கப்பட்டது.

தடை வந்தபோது இந்தக் கேமை இந்தியாவில் சுமார் 17.5 கோடி முறை டவுன்லோடு செய்திருந்தார்கள் என்பது சென்சார் டவர் நிறுவனத்தின் மதிப்பீடு. உலக டவுன்லோடில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய சந்தையை விட மனசில்லாத கிராஃப்டன், டென்சென்ட்டிடம் இருந்து இந்திய வெளியீட்டு உரிமையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, தானே நேரடியாகக் களமிறங்கியது. அப்படி வந்ததுதான் பி.ஜி.எம்.ஐ.

திரும்பி வந்தபோது என்னென்ன மாறியது?

* ரத்தத்தின் நிறம் சிவப்பில் இருந்து பச்சையாக மாறியது.
* 'கில்' என்ற சொல்லுக்குப் பதில் 'ஃபினிஷ்' வந்தது.
* 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெற்றோரின் போன் நம்பரைக் கொடுத்து ஓ.டி.பி பெற வேண்டும் என்ற விதி வந்தது. அவர்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் ஆட்டம். செலவுக்கும் ஒரு நாளைக்கு 7,000 ரூபாய் உச்சவரம்பு.
* 2023-ல் இரண்டாவது முறை திரும்பியபோது பெரியவர்களுக்கும் ஒரு நாளைக்கு 6 மணி நேரம் என்று கட்டுப்பாடு வந்தது.

இரண்டாவது ரீ-என்ட்ரிக்கு மத்திய அரசு கொடுத்தது 3 மாத சோதனை அனுமதி மட்டுமே. சர்வர் இருக்கும் இடம், டேட்டா பாதுகாப்பு பற்றிய நிபந்தனைகளுக்கு நிறுவனம் உடன்பட்டதாக அப்போதைய மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர் தெரிவித்திருந்தார். பயனாளர்களுக்குக் கேடு, அடிமைத்தனம் ஆகியவை கண்காணிக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது.

பிளேயர்களுக்கு எது பிடித்திருக்கிறது?

முதல் விஷயம், பழைய சொத்து கைக்கு வந்தது. பப்ஜியில் வருஷக்கணக்கில் சேர்த்த டிரஸ், துப்பாக்கி ஸ்கின் போன்றவற்றை பி.ஜி.எம்.ஐ-க்கு மாற்றிக்கொள்ள 2021-ல் வாய்ப்பு தரப்பட்டது. வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். ஆடுகிறவர்களுக்கு அது பல வருஷ உழைப்பு. புதிதாக ஆரம்பிக்கச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள் என்பது பழைய பிளேயர்கள் அடிக்கடி சொல்வது.

இரண்டாவது, ஆட்டத்தின் அடிப்படை மாறவில்லை. எராங்கல் மேப், வண்டிகள், துப்பாக்கிகளின் குணம் எல்லாம் கைப்பழக்கத்தில் இருந்தபடியே இருந்தன. பச்சை ரத்தத்தை முதலில் கிண்டல் செய்தவர்களும் கொஞ்ச நாளில் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது, போட்டிகள் திரும்பின. 2022-ல் நடந்த பி.ஜி.எம்.ஐ மாஸ்டர்ஸ் சீரிஸ் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் டிவியிலேயே நேரலையாக வந்தது. பரிசுத்தொகை 1.5 கோடி ரூபாய். "போனை நோண்டிக்கிட்டே இருக்கான்" என்று திட்டு வாங்கியவர்களுக்கு வீட்டு டிவியில் அதே கேம் ஓடியது ஒரு கெத்து.

எதில் கடுப்பு?

புகார்களில் அடிக்கடி கேட்பது ஹேக்கர்கள் பற்றியது. சுவருக்குப் பின்னால் இருப்பவர் தெரிவது, குறி தானாகப் போய் உட்காருவது போன்ற வேலைகளைச் செய்யும் திருட்டு சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. ஒழுங்காக அரை மணி நேரம் ஆடி கடைசி வட்டம் வரை வந்து, இப்படி ஒருவரிடம் தோற்றால் வெறுத்துப்போகும். ஏமாற்றுகிறவர்களின் கணக்குகளை முடக்கி அதன் விவரத்தை நிறுவனம் வெளியிட்டு வருகிறது. ஆனால் ஒரு கணக்கு போனால் இன்னொரு கணக்கில் வந்துவிடுகிறார்கள் என்பதே பிளேயர்களின் பதில்.

அடுத்தது காசு. கேமை இலவசமாக ஆடலாம். ஆனால் 'யூ.சி' எனப்படும் கேம் நாணயத்தை நிஜப் பணம் கொடுத்து வாங்கி 'கிரேட்' திறந்தால்தான் நல்ல ஸ்கின்கள் கிடைக்கும். உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். வேண்டிய ஸ்கின் விழும் வரை திறந்துகொண்டே இருந்தால் கணக்கு ஆயிரங்களைத் தாண்டிவிடும். காசு போட்டு வாங்குவது பெரும்பாலும் தோற்றம்தான், திறமை இல்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. சின்னப் பசங்களை இழுக்கும் வலையே அதுதான் என்கிறது இன்னொரு தரப்பு.

மூன்றாவது போனும் நெட்டும். 2021-ல் வெளியானபோது 2 ஜி.பி ரேம் இருந்தால் போதும் என்று சொல்லப்பட்டது. ஓடும், ஆனால் விலை உயர்ந்த போன் வைத்திருப்பவருக்குத் திரை ஒரு நொடிக்கு 90 முறை மாறும்போது, சாதாரண போனில் அது பாதிக்கும் குறைவாகவே இருக்கும். எதிரி எட்டிப் பார்ப்பது அவருக்கு முதலில் தெரிந்துவிடும். பிராட்பேண்ட் இல்லாமல் மொபைல் டேட்டாவை நம்பி ஆடுகிற ஊர்ப்பக்கத்துப் பிளேயருக்கு 'பிங்' ஏறினால் இன்னும் சிக்கல். சுட்ட குண்டு போய்ச் சேர்வதற்குள் இவர் விழுந்திருப்பார்.

பெரிய பயம் எது?

ஆனால் இந்தப் புகார்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: "இது எத்தனை நாளைக்கு இருக்கும்?"

2022 ஜூலையில் கேம் நீக்கப்பட்டபோது முன்னறிவிப்பு எதுவும் இல்லை. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். ஆனால் புது போன் வாங்கினால் ஸ்டோரில் இருந்து இறக்க முடியாது. சிலர் கண்ட கண்ட இணையதளங்களில் இருந்து ஏ.பி.கே ஃபைல் இறக்கி ஏற்றினார்கள். அதில் என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. யூ.பி.ஐ இருக்கும் போனில் அப்படிச் செய்வது வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பது மாதிரி.

போட்டிகளை நம்பிப் பயிற்சி எடுத்தவர்களுக்கும், ஸ்ட்ரீமிங் செய்தவர்களுக்கும் அந்தப் பத்து மாதம் வருமானம் சம்பந்தப்பட்ட விஷயம். "இதை நம்பி இருக்காதே" என்று வீட்டில் சொன்னபோது எதிர்த்துப் பேச அவர்களிடம் பதில் இல்லை.

மதுரைக்கு இது புதுசா?

ஆப் காணாமல் போய்த் திரும்பி வருவதை மதுரை முன்பே பார்த்திருக்கிறது. 2019 ஏப்ரல் 3-ம் தேதி டிக்டாக் டவுன்லோடைத் தடை செய்ய உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். அதன்பின் ஆப் ஸ்டோர்களில் இருந்து டிக்டாக் மறைந்தது. ஏப்ரல் 24-ல் நீதிமன்றம் தடையை நீக்கியதும் திரும்பி வந்தது. ஆனால் 2020 ஜூனில் மத்திய அரசு 59 ஆப்களைத் தடை செய்தபோது போன டிக்டாக், அதன்பின் பழையபடி திரும்பவில்லை.

ஃப்ரீ ஃபயர் கதையும் பக்கத்தில்தான். 2022 பிப்ரவரியில் அது தடை செய்யப்பட்டது. அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் பிளே ஸ்டோரில் தொடர்ந்தது. 2023 செப்டம்பர் 5-ல் 'ஃப்ரீ ஃபயர் இந்தியா' வரும் என்றும், அதில் தோனி 'தல' என்ற கதாபாத்திரமாக வருவார் என்றும் அறிவித்தார்கள். தமிழ்நாட்டுப் பசங்கள் துள்ளினார்கள். ஆனால் அந்தத் தேதியில் கேம் வரவில்லை; தள்ளிப்போனது.

வெளிநாட்டில் இப்படி நடக்கிறதா?

பழைய கேமைத் திரும்பக் கொண்டுவருவது உலகம் முழுக்க நடப்பதுதான். நல்ல உதாரணம், பனிச்சறுக்குப் பலகை கேமான எஸ்.எஸ்.எக்ஸ். 2000-ல் ஆரம்பித்த அந்த சீரிஸ் 2007-க்குப் பின் தூங்கிப்போனது. 2010 இறுதியில் இ.ஏ நிறுவனம் அதை இருண்ட, சீரியஸான தோற்றத்தில் காட்டியதும் ரசிகர்கள் கொதித்தார்கள். "எங்களுக்கு வேண்டியது கலகலப்பும் அந்தர் பல்டியும்தான்" என்பதே அவர்கள் குரல். நிறுவனம் இறங்கி வந்தது. கூடச் சேர்த்திருந்த துணைப் பெயரை எடுத்துவிட்டு 2012-ல் வெறும் 'எஸ்.எஸ்.எக்ஸ்' என்றே வெளியிட்டது. பலருக்குப் பிடித்தது. ஆனால் ஒரே டிவியில் நண்பர்களோடு பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் வசதி இல்லையே என்ற குறை மட்டும் போகவில்லை.

அங்கே ரசிகர்கள் கேட்டது, "இது எங்கள் பழைய கேம்தானா?" இங்கே பிளேயர்கள் கேட்பது, "நாளைக்கும் இது இருக்குமா?" பனியையே பார்க்காத மதுரைப் பிளேயருக்கும் அந்த வெளிநாட்டு ரசிகருக்கும் ஆசை ஒன்றுதான். பயம்தான் வேறு.

ஆன்லைன் ரம்மியும் இதுவும் ஒன்றா?

இல்லை. வீட்டில் பலருக்கும் குழப்பம் வருவது இங்கேதான். ரம்மி போன்றவற்றில் பணம் கட்டி, பணம் ஜெயிப்பதே ஆட்டம். தமிழ்நாடு அரசின் 2022-ம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் குறிவைப்பது முக்கியமாக அதைத்தான். 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டமும், பணம் கட்டி ஆடும் கேம்களைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனி வகையாக அங்கீகரிக்கிறது.

பி.ஜி.எம்.ஐ-யில் செலவழித்த யூ.சி திரும்பப் பணமாக வராது. அதனால் இது சூதாட்டம் என்ற வகையில் வரவில்லை. ஆனால் கிரேட் திறக்கும் பழக்கம் பர்ஸைக் காலி செய்யும் என்பதும் உண்மை.

பிளேயர்களும் பெற்றோரும் கவனிக்க வேண்டியவை

* கேமை அதிகாரபூர்வ ஸ்டோரில் இருந்து மட்டும் இறக்குங்கள். ஏ.பி.கே லிங்க் வேண்டாம்.
* பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். யூ.பி.ஐ பின் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.
* வயதைக் கேட்கும்போது '18-க்கு மேல்' என்று தட்டிவிட்டால் சிறுவர்களுக்கான கட்டுப்பாடுகள் வேலை செய்யாது. முதல் முறை பதிவு செய்யும்போது பெற்றோர் பக்கத்தில் இருப்பது நல்லது.
* 'ஃப்ரீ யூ.சி தருகிறோம்' என்று வரும் மெசேஜ்களில் லாகின் விவரம் கொடுக்காதீர்கள்.
* இ-ஸ்போர்ட்ஸில் போக நினைப்பவர்கள் படிப்பையோ வேலையையோ விட்டுவிட்டு இறங்க வேண்டாம். இரண்டு முறை கதவு மூடிய கேம் இது.

சுருக்கமாக...

திரும்பி வந்த பி.ஜி.எம்.ஐ-க்கு பிளேயர்கள் ஆட்டத்தில் பாஸ் மார்க் போடுகிறார்கள். ஹேக்கர், கிரேட் செலவு, போன் வித்தியாசம் ஆகியவற்றில் மார்க் குறைக்கிறார்கள். நம்பிக்கை என்ற பாடத்தில் மட்டும் ரிசல்ட் இன்னும் வரவில்லை. அந்த மார்க்கைப் போட வேண்டியது பிளேயர்கள் இல்லை. விதிகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய அரசும், அதன்படி நடக்க வேண்டிய நிறுவனமும்தான்.