அனர்த்த வேளையில் வைத்தியசாலைகள்: சட்டம் கோருவதும் கண்டி எதிர்பார்ப்பதும்

அனர்த்தம் ஒன்று நிகழ்ந்தால் மக்கள் முதலில் தேடிச் செல்லும் இடம் வைத்தியசாலையாகும். அந்த வைத்தியசாலையே வெள்ளத்தில் மூழ்கினாலோ, மின்சாரமும் நீரும் இன்றிச் செயலிழந்தாலோ, உயிர் தப்பியவர்களும் உயிரிழக்கும் நிலை உருவாகும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை காலி மஹாமோதர மகப்பேற்று வைத்தியசாலைக்குள் புகுந்தபோதும், முல்லைத்தீவு வைத்தியசாலையை அழித்தபோதும் இந்த உண்மையை நாடு கண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது சிலாபம் வைத்தியசாலை வெள்ளத்தில் மூழ்கி, நோயாளர்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டபோது அதனை மீண்டும் கண்டது. இவ்விரு அனர்த்தங்களுக்கும் இடைப்பட்ட இருபத்தொரு ஆண்டுகளில் சட்டங்களும் வழிகாட்டல்களும் குறைவின்றி வந்துள்ளன. அவை எதனைக் கோருகின்றன, கண்டி மாவட்டத்தைப் பொறுத்தவரையில் அவற்றின் பொருள் யாது என்பதை மக்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சட்டத்தின் நிலை

ஆழிப்பேரலை அனர்த்தத்தின் பின்னர் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஜனாதிபதியைத் தலைவராகக் கொண்ட தேசிய பேரவையும், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இச்சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்டவையாகும். ஒவ்வொரு அமைச்சும், அரச திணைக்களமும், அரச கூட்டுத்தாபனமும் தேசிய திட்டத்தை அடியொற்றித் தத்தமக்கென அனர்த்த முகாமைத்துவத் திட்டமொன்றைத் தயாரித்தல் வேண்டும் என இச்சட்டத்தின் 10 ஆம் பிரிவு கடமை விதிக்கின்றது. எனவே அரச வைத்தியசாலையொன்றின் தயார்நிலைத் திட்டம் அதன் பணிப்பாளரின் தனிப்பட்ட ஆர்வத்தில் தங்கியுள்ள விடயமன்று. சுகாதார அமைச்சில் இதற்கெனவே அனர்த்தத் தயார்நிலை மற்றும் பதிலளிப்புப் பிரிவு இயங்குகின்றது.

எனினும் இரண்டு இடைவெளிகள் கவனத்திற்குரியவை. முதலாவது, 10 ஆம் பிரிவு பெயர் குறிப்பிடும் நிறுவனங்களுள் தனியார் வைத்தியசாலைகள் இல்லை. அவை 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவு செய்தல்) சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்படுபவை. இரண்டாவது, கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றன. கிராமங்களையும் தோட்டங்களையும் அண்டியுள்ள பிரதேச வைத்தியசாலைகளோ மாகாண சபையின் நிர்வாகத்தில் உள்ளன. வெள்ளமும் மண்சரிவும் இந்த நிர்வாக எல்லையைப் பார்த்து வருவதில்லை. இரு தரப்பினதும் திட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாவிடின், அனர்த்த நாளில் நோயாளரை எங்கு அனுப்புவது என்ற கேள்வி தொலைபேசியிலேயே தீர்க்கப்பட வேண்டியதாகிவிடும். தொலைபேசியும் இயங்காத நாளில் அதற்கும் வழியில்லை.

திட்டத்தில் இருக்க வேண்டியவை

உலக சுகாதார ஸ்தாபனம் 2009 ஆம் ஆண்டின் உலக சுகாதார தினத்தை, அவசர நிலைமைகளில் வைத்தியசாலைகளைப் பாதுகாத்தல் என்ற கருப்பொருளுக்கே அர்ப்பணித்தது. அதன் வைத்தியசாலைப் பாதுகாப்புச் சுட்டெண், 2015 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 151 விடயங்களைப் பரிசீலிக்கின்றது. வைத்தியசாலை அமைந்துள்ள இடத்தின் ஆபத்துகள், கட்டடத்தின் உறுதி, மின்சாரம், நீர், ஒட்சிசன் போன்ற உட்கட்டமைப்பு, அவசரகால முகாமைத்துவம் ஆகிய நான்கு பகுதிகள் அச்சுட்டெண்ணில் உள்ளன. இறுதியில் வைத்தியசாலை ஏ, பி, சி என்ற மூன்று தரங்களுள் ஒன்றில் வைக்கப்படும். சி தரம் எனின், அங்குள்ள நோயாளரினதும் ஊழியரினதும் உயிரைக் காக்க உடனடி நடவடிக்கை தேவை என்பது பொருள்.

நடைமுறையில் நல்ல திட்டமொன்று சில எளிய கேள்விகளுக்கு விடை கூறும். அனர்த்தம் நிகழ்ந்த கணத்தில் கட்டளையிடுபவர் யார், அவர் இல்லாவிடின் அடுத்தவர் யார்? ஒரே நேரத்தில் நூறு காயமடைந்தோர் வந்தால் எந்த விடுதி காலி செய்யப்படும்? சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்ற நிற அடையாளங்களைக் கொண்டு நோயாளரைத் தரம் பிரிப்பது எவ்விடத்தில், எவரால்? மின்பிறப்பாக்கிக்கான எரிபொருள் எத்தனை மணித்தியாலங்களுக்குப் போதும், அது நிறுவப்பட்டிருப்பது வெள்ளம் எட்டாத உயரத்திலா?

நீரை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பிரச்சினையின் பருமன் விளங்கும். சிறுநீரக நோயாளர் ஒருவருக்கு ஒருமுறை இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய ஏறத்தாழ 120 லீற்றர் சுத்திகரிக்கப்பட்ட நீர் தேவை. நகரின் நீர்வழங்கல் மூன்று நாட்கள் தடைப்படின், சூறாவளியால் எவ்விதக் காயமும் அடையாத அந்த நோயாளரே முதலில் ஆபத்துக்கு உள்ளாவார்.

இவை யாவும் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. இரவுக் கடமையிலுள்ள தாதியும் சிற்றூழியரும் தமது பங்கை அறியும் வண்ணம் ஒத்திகைகள் நடத்தப்படல் வேண்டும். ஒத்திகை காணாத திட்டம் அலுமாரியில் உறங்கும் கோப்பு மாத்திரமே.

கண்டியின் அனுபவம்

பொதுவான திட்ட மாதிரியொன்றைப் பெயர் மாற்றிப் பயன்படுத்துவதால் கண்டிக்குப் பயன் விளையாது. இம்மாவட்டம் எதிர்கொண்ட ஆபத்துகள் பலவகைப்பட்டவை. 1998 ஜனவரி 25 ஆம் திகதி தலதா மாளிகை மீதான குண்டுத் தாக்குதலில் காயமடைந்தோரை இந்நகர வைத்தியசாலை ஒரே காலைப்பொழுதில் எதிர்கொண்டது. பிங்கா ஓயா பெருக்கெடுக்கும் ஒவ்வொரு முறையும் அக்குறணை நகர் மூழ்கி, ஏ9 வீதி தடைப்படுகின்றது. 2020 ஓகஸ்ட் முதல் திகன, தெல்தெனிய பகுதிகளில் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டன. அதே ஆண்டு செப்டெம்பரில் பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று இடிந்து மூவர் உயிரிழந்தனர்.

டித்வா சூறாவளியோ இவை அனைத்தையும் விஞ்சியது. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் பலியான அவ்வனர்த்தத்தில், மிக அதிகமான உயிரிழப்பு கண்டி மாவட்டத்திலேயே பதிவானது. கம்பளையும் நாவலப்பிட்டியும் மகாவலி வெள்ளத்தால் பாதிக்கப்பட்டன. மண்சரிவுகளால் கொழும்பு - கண்டி வீதியும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. மின்சாரம், தொலைத்தொடர்பு, நீர்வழங்கல் ஆகியன ஒரே வேளையில் தடைப்பட்டன. கண்டியின் பெரிய வைத்தியசாலைகளை நம்பியிருக்கும் நோயாளர்கள் நகருக்கு வர முடியாத நிலையையும், கொழும்பிலிருந்து மருந்தும் ஒட்சிசனும் வந்து சேராத நிலையையும் இனிவரும் திட்டங்கள் கற்பனையாகக் கருத முடியாது.

2016 இல் இந்திய உதவியுடன் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்ட 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை பாராட்டுக்குரியது. ஆனால் வீதியே இல்லாத இடத்தில் அம்புலன்ஸால் ஆவது ஒன்றுமில்லை. அந்நிலையில் அண்மையிலுள்ள சிறிய பிரதேச வைத்தியசாலையே ஒரே புகலிடமாகும். அதனால்தான் தயார்நிலையை நகரின் பெரிய வைத்தியசாலைகளோடு மட்டும் நிறுத்திவிடலாகாது.

தமிழ், முஸ்லிம் மக்களின் கவலைகள்

மண்சரிவு அபாயமுள்ள சரிவுகளில் லயன் அறைகளில் வாழ்வோர் பெரும்பாலும் மலையகத் தமிழ் மக்களாவர். எச்சரிக்கை அவர்களது மொழியில் உரிய வேளையில் கிடைப்பது உயிர் காக்கும் முதலாவது சிகிச்சையாகும். 2025 இல் தமிழ்மொழி எச்சரிக்கைகள் தொடர்பில் கடும் விமர்சனங்கள் எழுந்தன. வைத்தியசாலைக்குள்ளும் இதே நிலைதான். தரம் பிரிக்கும் இடத்தில் நோயாளர் கூறுவதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் இல்லாவிடின், எந்த நிற அடையாளமும் பிழையாகலாம். தமிழ் அறிந்த ஊழியரின் கடமை ஒழுங்கு அனர்த்தத் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்து, அவசரகால நிலையும் ஊரடங்குச் சட்டமும் பிரகடனப்படுத்தப்பட்டன. வன்செயலும் ஓர் அனர்த்தமே. ஊரடங்கு வேளையில் பிரசவ வேதனையிலுள்ள பெண் எவ்வாறு வைத்தியசாலையை அடைவார், அச்சமின்றி அங்கு செல்வதற்கு என்ன உத்தரவாதம் என்பதற்குத் திட்டம் விடை கூற வேண்டும்.

இறந்தோரின் உடல்களைக் கையாளுதல் எந்தத் தயார்நிலைத் திட்டத்திலும் இன்றியமையாத அங்கமாகும். கொவிட் காலத்தில், 2020 இல், உடல்களைத் தகனம் செய்வது கட்டாயமாக்கப்பட்டபோது அடக்கம் செய்வதை உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அனுமதித்தே இருந்தது. 2021 பெப்ரவரியில்தான் ஜனாஸாக்களை அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. விஞ்ஞான அடிப்படையிலான, சமய உணர்வை மதிக்கும் நடைமுறை முன்கூட்டியே எழுத்தில் இருந்திருப்பின், அவ்வேதனையின் பெரும்பகுதி தவிர்க்கப்பட்டிருக்கக்கூடும்.

பிற நாடுகளின் பாடம்

அமெரிக்காவில் 2005 ஆம் ஆண்டின் கத்ரினா சூறாவளியின் அனுபவத்தைத் தொடர்ந்து, ஆபத்து மதிப்பீடு, நடைமுறை விதிகள், தொடர்பாடல் திட்டம், பயிற்சியும் ஒத்திகையும் என்ற நான்கும் இல்லாத வைத்தியசாலைகள் அரச காப்புறுதிக் கொடுப்பனவுத் திட்டங்களில் பங்குபெற முடியாது என்ற விதி 2016 இல் வெளியிடப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனையொன்றில் ஏற்பட்ட தீயில் சுமார் 90 பேர் மாண்டனர். 2016 இல் அந்நாட்டின் தேசிய அனர்த்த முகாமைத்துவ அதிகாரசபை வைத்தியசாலைப் பாதுகாப்பு வழிகாட்டல்களை வெளியிட்டது. கொடுப்பனவுடனோ அனுமதிப்பத்திரத்துடனோ பிணைக்கப்படாத வழிகாட்டல் நல்லெண்ணமாகவே நின்றுவிடும் என்பதே இவற்றிலிருந்து பெறும் பாடமாகும்.

ஆகவே, தனியார் வைத்தியசாலைகளின் பதிவைத் தயார்நிலைத் திட்டத்துடன் இணைத்தல், மத்திய, மாகாண வைத்தியசாலைகளுக்குக் கூட்டுத் திட்டமொன்றை வகுத்தல், ஆண்டுதோறும் ஒத்திகை நடத்தி அதன் பெறுபேற்றை மும்மொழியிலும் வெளியிடுதல் ஆகிய மூன்றையும் உரிய அதிகாரிகள் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும். வைத்தியசாலைகளின் அபிவிருத்திக் குழுக்களில் அங்கம் வகிக்கும் கோயில், பள்ளிவாசல் பிரதிநிதிகளும் தோட்டத் தொழிற்சங்கத்தினரும், அடுத்த கூட்டத்தில் கட்டில்களும் வர்ணப் பூச்சும் பற்றிப் பேசுவதற்கு முன்னர், “எமது வைத்தியசாலையின் அனர்த்தத் திட்டம் எங்கே?” என்று கேட்கலாம். அடுத்த பருவமழைக்கு முன்னர் அக்கேள்விக்கு விடை கிடைக்க வேண்டும்.