புலி இல்லாத காட்டில் புலிக்கணக்கு

கணக்குப் புத்தகத்தில் சரக்கு இருக்கும், குடோனைத் திறந்தால் இருக்காது. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது பழகின கதை. இதே கதை ஒரு காட்டிலும் நடந்திருக்கிறது.

ராஜஸ்தானில் ஆல்வார் பக்கம் இருக்கும் சரிஸ்கா, 1978ல் புலிகள் காப்பகம் ஆனது. 2004 கணக்கெடுப்பில் அங்கே 16 முதல் 18 புலிகள் என்று எழுதினார்கள். ஆனால் 2005 மார்ச்சில் இந்திய வன உயிரின நிறுவனம் தேடிப்பார்த்துவிட்டு, ஒரு புலிகூட இல்லை என்றது! எல்லாம் வேட்டைக்குப் போயிருந்தன.

அப்படியென்றால் எதை எண்ணினார்கள்? காலடித் தடத்தை. 1960களில் ஒடிசா வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி உருவாக்கிய முறை இது. மண்ணில் பதிந்த தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைந்து, தடங்களை ஒப்பிட்டு, இது வேறு புலி, அது வேறு புலி என்று பிரிப்பார்கள். செலவு குறைவு. ஆனால் ஈர மண்ணில் ஒரு மாதிரியும் புழுதியில் வேறு மாதிரியும் விழும் தடம், ஒரே புலியை இரண்டாக்கிவிடும். முக்கியமாக, எண்ணுபவரும் காப்பவரும் ஒரே துறை. தணிக்கை செய்ய வெளியாள் கிடையாது.

மாற்று வழி முன்பே இருந்தது. 1990களின் தொடக்கத்திலேயே உல்லாஸ் கரந்த் கர்நாடகாவின் நாகரஹொளேயில் தானியங்கி காமிராக்களை வைத்தார். நம் கைரேகை மாதிரி புலியின் வரிகளும் ஒன்றுக்கொன்று வேறு. முதல் சுற்றில் 10 புலிகள் படத்தில் விழுகின்றன என்று வையுங்கள். அடுத்த சுற்றில் 10 விழுந்து, அதில் 5 பழைய முகங்கள் என்றால், அந்தப் 10தான் மொத்தத்தில் பாதி. ஆக காட்டில் சுமார் 20. படத்தில் சிக்காததையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு இது.

சரிஸ்காவுக்குப் பிறகு நாடு முழுக்க முறை மாறியது. 2001-02ல் 3,642 என்றிருந்த எண்ணிக்கை, 2006 கணக்கெடுப்பில் 1,411 ஆனது. இரண்டும் வேறு வேறு முறை, அதனால் வித்தியாசம் முழுவதும் செத்த புலிகள் இல்லை. ஆனாலும் நாடு அதிர்ந்தது.

காமிராவில் இன்னொரு லாபமும் உண்டு. 2018 கணக்கெடுப்பில் கிடைத்த 3.48 கோடி படங்களில் புலி 76,651ல், சிறுத்தை 51,777ல்தான். காட்டில் வேறு என்னென்ன பாலூட்டிகள் நடமாடுகின்றன என்பதற்கும் இப்போது சாட்சி இருக்கிறது.

2008ல் ரந்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலிகளைக் கொண்டுவந்து சரிஸ்காவில் விட்டார்கள். இன்று அங்கே குட்டிகளோடு புலிகள் இருக்கின்றன. குறைந்த எண்ணிக்கையை எழுதினால் கெட்ட பெயர் வரும்தான். ஆனால் 2004க்கு முன்பே யாராவது தைரியமாக எழுதியிருந்தால், அந்தப் பழைய புலிகளில் சிலதாவது மிஞ்சியிருக்கும் இல்லையா?