வாசற்படியில் நின்ற மன்னிப்பு

2023-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஜொகூர் நாட்டில் வெள்ளம் பெருகி, குளுவாங், சிகாமட், பத்து பகாட் முதலிய பிரதேசங்கள் தத்தளித்துக்கொண்டிருந்தபோது, நாம் கிராணி வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டத்தில் ஒரு மூதாட்டியார் மரணப்படுக்கையில் கிடந்தார். அவர் கத்தோலிக்கர். பட்டணத்துக் கோயிலிலிருந்து ஒரு பாதிரியார், இருட்டிய பிறகு, முழங்காலளவு சேற்றில் நடந்து வந்து, லயத்து வீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்திப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார். பிறகு வெளியே வந்து, வீட்டார் கொடுத்த தேநீரைத் திண்ணையில் அமர்ந்து குடித்துவிட்டுத் திரும்பினார். எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது.

பாதிரிமார் கையால் பாவம் தீரும் என்பதில் நமக்கு நம்பிக்கை கிடையாது. ஆயினும், ஒரு குரு ஓர் ஏழையின் வாசற்படியைத் தாண்டி உள்ளே செல்வது என்னும் இச்சிறு காரியத்தைத் தமிழ் நாட்டில் நடத்திவைப்பதற்கு ரோமாபுரியின் பேரால் ஓர் ஆணை பிறக்கவேண்டியிருந்தது என்பதும், பிறந்த ஆணைமீது நாற்பது வருஷம் வழக்காடப்பட்டது என்பதும் அன்றிரவு நமது நினைவுக்கு வந்தன. லூத்தர் என்பார் 1517-ல் பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்த கதையை நாம் ஆங்கிலப் புத்தகங்களில் இளமையிலேயே படித்தோம். நமது சொந்த மக்களின் சாவுப் பாயருகில் நடந்த கதையை நமக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆகவே அதனை இங்கு எழுதத் துணிந்தோம்.

கிறிஸ்தவ மதத்தில் பாவத்துக்குக் கடன் என்றும் ஒரு பெயர் உண்டு. இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியதென்பர் அறிஞர். பழைய தமிழ் வேதாகமத்தில், மத்தேயு சுவிசேஷத்து ஜெபத்திலும் கடன் என்ற சொல்லே நிற்கின்றது. பற்றும் வரவும் எழுதிப் பிழைக்கும் நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்குகிறது. கடனைத் தள்ளுபடி செய்யலாம்; ஆனால் தள்ளுபடி செய்வதற்கு முதலில் அது பேரேட்டில் ஏறியிருக்கவேண்டும். பேரேட்டில் ஏறாத கடனை எந்த முதலாளியாலும் தள்ள முடியாது.

இம்மன்னிப்புக்கு எல்லை உண்டா என்ற கேள்வி அம்மதத்தின் தொடக்கத்திலேயே எழுந்ததாகும். ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று கேட்ட சீடருக்கு ஏழெழுபது தடவை என்று விடை சொன்ன அதே சுவிசேஷத்தில், பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் இம்மையிலும் மறுமையிலும் மன்னிக்கப்படாது என்ற வாக்கும் காணப்படுகின்றது. எபிரெயருக்கு எழுதிய நிருபமோ, ஒளிபெற்ற பின் வழுவிப்போனவர்களைத் திரும்பப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்கிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் என்பார், விக்கிரக ஆராதனை, விபசாரம், கொலை ஆகிய மூன்றையும் மன்னிக்கத் திருச்சபைக்கு அதிகாரமில்லை என்று வாதித்தார்.

வாதம் ஏட்டிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்தது 250-ம் வருஷத்தில். டெஸியஸ் என்னும் ரோமச் சக்கரவர்த்தி, குடிமக்கள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்கு அதிகாரிகளிடம் சான்றுச் சீட்டு பெறவேண்டுமென்று கட்டளையிட்டார். அச்சீட்டுகள் பல எகிப்து தேசத்து மணலுக்கடியிலிருந்து நம் காலத்துக்குக் கிடைத்துள்ளன. கிறிஸ்தவர்களுள் சிலர் மறுத்து உயிர்விட்டனர். பலர் பயந்து பலியிட்டனர். வேறு சிலர், எக்காலத்தும் உள்ள புத்திசாலிகளைப்போல, பலியிடாமலே பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டனர். புயல் தணிந்ததும் இவர்களெல்லாரும் கோயில் வாசலில் வந்து நின்று அழுதனர். ரோமாபுரியில் நொவாசியான் என்பவர் 251-ல் போட்டி மேற்றிராணியாராகக் கிளம்பி, இவர்களை ஒருபோதும் சேர்க்கலாகாது என்றார். கார்த்தேஜ் நகரத்து மேற்றிராணியார் சிப்ரியான், தவசு செய்யட்டும், விசாரித்துச் சேர்ப்போம், நோயால் சாகக் கிடப்பவர்களுக்கு முன்னதாகவே சமாதானம் கொடுப்போம் என்றார். இச்சிப்ரியானும் அடக்குமுறையின்போது ஒளிந்திருந்தவரே. பின்னர் 258-ல் தலை கொடுத்தவரும் அவரே. ஆகையால் மனிதருடைய பலவீனம் இன்னதென்று அறிந்து பேசினார் என்று கொள்ளலாம்.

முடிவில் வென்றது சிப்ரியானின் கட்சி. 325-ல் நீசேயா நகரில் கூடிய சங்கத்தின் 13-ம் விதி, சாகும் தறுவாயில் உள்ள எவனுக்கும் கடைசி வழியுணவாகிய நற்கருணையை மறுக்கக்கூடாது என்று கூறுகிறது. பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1551-ல் திரெந்து சங்கமும், மரண வேளையில் எந்தக் குருவும் எந்தப் பாவத்தையும் மன்னிக்கலாம், அங்கே விலக்கப்பட்ட பாவமென்று ஒன்றில்லை என்று உறுதிசெய்தது. அப்படியானால் மன்னிப்பே இல்லாத அந்தப் பாவம் எது? அகுஸ்தீன் அதற்குக் கூறிய பொருளைத்தான் பிற்காலத்தார் பெரும்பாலும் ஏற்றனர்: கடைசி மூச்சுவரை மனந்திரும்பாமையே அப்பாவம் என்பது அவர் கருத்து. ஆகவே எல்லையை இட்டவன் கடவுளல்லன், குருவுமல்லன். பாவியே தன் பிடிவாதத்தால் இட்டுக்கொள்கிறான் என்பது சித்தாந்தம்.

இனித் தமிழ் நாட்டுக்கு வருவோம்.

தமிழ் எழுத்தில் அச்சேறிய மிகப் பழைய நூல்களுள் ஒன்று பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிப்பதாகும். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே உழைத்த சேசு சபைக் குரு என்றீக்கே அன்றீக்கஸ் அதனை இயற்றினார். 1580-ல் கொச்சியில் அச்சாயிற்று. திருக்குறள் அச்சு வாகனமேற இருநூறு வருஷங்களுக்கு மேல் காத்திருக்கவேண்டியிருந்த நாட்டில், பாவக் கணக்கு அவ்வளவு முன்னதாக அச்சேறிவிட்டது!

ஆனால் எவையெவை பாவம் என்ற ஜாபிதாவில்தான் சங்கடம் நேர்ந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவபோதக சுவாமி என்னும் ராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்து, மரக்கறியுண்டு, பிராமண சந்நியாசியாக வாழ்ந்தார். பூணூல், குடுமி, சந்தனம், ஸ்நானம் ஆகியவை குலத்தைக் காட்டும் உலக ஆசாரங்களேயன்றி மத அனுஷ்டானங்கள் அல்ல. ஆதலால் கிறிஸ்தவனாகிறவன் அவற்றை விடவேண்டியதில்லை என்பது அவர் வாதம். 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் இதனை அங்கீகரித்தார். அங்கீகரித்த அதே சாசனத்தில், உயர்குலத்தார் தாழ்ந்தவர்களை இகழாதிருக்கும்படியும், பிரசங்கம் கேட்பதிலும் தேவதிரவிய அனுமானங்கள் பெறுவதிலும் தனித்து ஒதுங்காதிருக்கும்படியும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். பூணூலுக்கு உத்தரவு, சமத்துவத்துக்கு வேண்டுகோள். உத்தரவு நடந்தது, வேண்டுகோள் காற்றோடு போயிற்று.

தாழ்த்தப்பட்ட மக்களை இம்மிஷன் சேர்க்காமலிருந்ததில்லை. 1640 முதல் பண்டார சுவாமிகள் என்று வேறொரு வகைக் குருமார் ஏற்பட்டு, சூத்திரரென்றும் பறையரென்றும் அக்காலத்தார் குறித்த மக்களிடையே பாடுபட்டனர். 1693-ல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அருளானந்தர் இவ்வகையினர்தான். இவர்கள் இராக்காலங்களில் நடந்து, வெயிலிலும் பட்டினியிலும் மாய்ந்தவர்கள். அவர்களுடைய உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. எனினும் ஒரு வழக்கம் வேரூன்றிவிட்டது. பறையர் என்று அழைக்கப்பட்ட கிறிஸ்தவன் ஒருவன் சாகக் கிடந்தால், குரு அவனுடைய குடிசைக்குள் செல்லமாட்டார். சென்றது தெரிந்தால் மேற்சாதியார் குருவைத் தீட்டுப்பட்டவரென்று தள்ளிவிடுவார்கள் என்பது காரணம். ஆகவே, நோயாளியைத்தான் பாயோடு தூக்கி, கோயிலுக்கோ குரு வரக்கூடிய வேறிடத்துக்கோ கொண்டுவரவேண்டும். வாந்திபேதியிலும் வைசூரியிலும் கிடப்பவனை நடுநிசியில் வரப்புவழியே சுமந்து செல்வது எப்படிப்பட்டதென்று வாசகர்களே எண்ணிப்பார்க்கட்டும். சுமந்துபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டால் அவனுடைய கதி என்ன?

இதற்கு ஒரு சமாதானம் உண்டு. குரு இல்லாவிடினும் உத்தம மனஸ்தாபப்பட்டுச் சாகிறவனைக் கடவுள் மன்னிப்பார் என்பது திருச்சபையின் போதனை. ஆதலால் அவ்வேழைகளுக்கு நரகம் விதிக்கப்பட்டதாகச் சொல்லமுடியாது என்பார்கள். நன்று! உத்தம மனஸ்தாபம் போதுமானால் மேற்சாதியாருக்கும் அது போதுமன்றோ? அவர்களுடைய வீட்டுக்கு மட்டும் குருமார் எண்ணெயும் சிமிழும் எடுத்துக்கொண்டு ஓடியது ஏன்?

பாப்பரசரின் ஸ்தானாதிபதியாகச் சீனா செல்லும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரி வந்து இறங்கிய தூர்னோன் என்னும் பெரியவர் காதில் இச்செய்தி விழுந்தது. சேசு சபையார்மீது கப்புச்சின் சபையாருக்கு அங்கே நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. தூர்னோனோ நோயாளி, எட்டு மாதம் புதுச்சேரியிலேயே தங்கியவர், உள்நாட்டைக் கண்டவரல்லர். எதிரிகள் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, தேசம் அறியாதவர் தீர்ப்புச் சொன்னார் என்றனர். இருக்கலாம். 1704 ஜூலையில் வெளியான அவருடைய ஆணையில் தாலி, திருநீறு, ஸ்நானம், பால்ய விவாகம் என்று பல விஷயங்கள் கலந்திருந்தன. அவற்றுள் சிலவற்றைப்பற்றி நமக்கும் வேறு அபிப்பிராயம் உண்டு. மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுத்ததை அவர் கண்டித்தது தனிக் கட்டுரைக்கு உரியது. நம்முடைய விஷயத்தில் அவர் கூறியதன் சாரம் இது: குலத்தில் உயர்ந்த அஞ்ஞானி வைத்தியன்கூட உடம்பைக் குணப்படுத்தத் தாழ்ந்தவனிடம் செல்ல மறுப்பதில்லையே, ஆத்தும வைத்தியர்கள் மறுப்பதை எப்படிச் சகிப்பது? இனிக் குருமார் நோயாளியின் வீட்டுக்கே சென்று அனுமானங்களைக் கொடுக்கவேண்டும்.

தேசம் அறியாதவர் என்று பெயரெடுத்த அவ்வயலான் கண்ட நியாயத்தை, தேசத்தை நன்றாய் அறிந்தவர்கள் எப்படிக் காணாமலிருந்தனர்? நன்றாய் அறிந்துவிட்டதனால்தான் போலும்! சேசு சபையார் ஆணையை எதிர்த்து ரோமாபுரிக்கு விண்ணப்பம் செய்தனர். இதனை நிறைவேற்றினால் மிஷன் அழிந்துபோகும் என்றனர். விண்ணப்பமும் விளக்கமும் தளர்த்தலுமாக நாற்பது வருஷம் கடந்தது. அந்நாற்பது வருஷத்தில் வரப்பில் செத்தவர்கள் எத்தனைபேர் என்று எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

1744 செப்டம்பரில் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பெரிய சாசனம் ஒன்றை வெளியிட்டு வழக்கை முடித்தார். அதன்படி நடப்பதாகக் குருமார் சத்தியம் செய்யும்படி விதிக்கப்பட்டது. 1940-ல்தான் அச்சத்தியம் நீக்கப்பட்டது. ஆனால் குடிசை விஷயம் எப்படி முடிந்தது தெரியுமா? தாழ்த்தப்பட்டவர்களுக்கென்றே தனிக் குருமாரை ஏற்படுத்துகிறோம் என்று சேசு சபையார் முன்வந்தனர்; பாப்பரசர் மகிழ்ந்து ஒப்புக்கொண்டார். சாகிறவனுக்குக் குரு கிடைத்தார், உண்மைதான். ஆனால் மேற்சாதியாரிடம் போகிற குருவின் பாதம் அவ்வாசற்படியில் படாமல் காப்பாற்றப்பட்டது. மன்னிப்பு ஒன்று, அதைக் கொண்டுவரும் கை இரண்டு.

அடுத்த வருஷமே புதுச்சேரியில் நடந்த ஒரு கலகத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சம்பாக் கோயிலுக்குள்ளே பறையர் ஒரு புறமும், மற்றச் சாதியாரும் ஐரோப்பியரும் மறுபுறமும் நின்று தொழும்படி ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்டவர்கள் முறையிட்டதன்மேல் 1745-ல் அச்சுவர் இடிக்கப்பட்டது. இடித்தவுடன் சாதிக் கிறிஸ்தவர்கள் சண்டைக்கு வந்துவிட்டனர். சுவரை எழுப்பியது பாவமென்று அவர்களுள் ஒருவருக்கும் தோன்றவில்லை. இடித்ததே அநியாயமென்று தோன்றிற்று. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கோயிலோ, 1872-ல், நடுவே சுவருடன் இரு கால்கள்போல் இரு கூடங்களாகவே கட்டப்பட்டது. 1910-ல் அச்சுவரைக் குருவானவர் இடித்தபோது, அதைத் திரும்ப எழுப்பித் தரும்படி வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சென்னை ஹைகோர்ட்டுவரை சென்று தோற்றனர். புராட்டஸ்டண்டு சபைகளிலும் கதை வேறல்ல. 1833-ல் பிஷப் வில்சன் சாதியை அறவே விடவேண்டுமென்று எழுதியதும் தஞ்சாவூர்ச் சபை கொந்தளித்ததை அறிந்தவர் அறிவர்.

பிறகு மாறுதல் உண்டாயிற்று. 1982-ல் திருச்சியில் கூடிய இந்தியக் கத்தோலிக்க மேற்றிராணிமார், சாதி கிறிஸ்தவத்தையே மறுப்பதாகும் என்று அறிக்கை செய்தனர். 2016-ல் அவர்கள் வெளியிட்ட கொள்கை அறிக்கை தீண்டாமையைக் கொடிய சமூகப் பாவமென்று பெயரிட்டே கூறிற்று. 1606-லிருந்து எண்ணினால் நானூற்றுப் பத்து வருஷம். இவ்விரண்டு அறிக்கைகளுக்கும் இடையே, 2008 மார்ச்சில், விழுப்புரத்தை அடுத்த எறையூரில், தலித்து கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதன்பேரில் கலகம் மூண்டு, போலீசாரின் துப்பாக்கிக்கு இருவர் பலியாயினர். சவ ஊர்வலம் எந்தத் தெருவழியே போகலாம் என்பதும் அங்கே தகராறு.

நாம் சொல்ல வந்தது இதுதான். டெஸியஸ் காலத்தில் பயத்தால் பலியிட்டவன், தான் செய்தது பாவமென்று அறிந்திருந்தான். ஆகையால் வாசலில் நின்று அழுதான். ஆகையால் மன்னிப்பும் பெற்றான். சாகக் கிடந்தவனை வரப்பில் சுமக்கவைத்தவனோ, ஆசாரம் என்று எழுதிப் பாவ ஜாபிதாவிலிருந்து அச்செயலை நீக்கிவிட்டான். அதனால் அவன் மனஸ்தாபப்படவும் இல்லை; யாரும் அவனை மனஸ்தாபப்படச் சொல்லவும் இல்லை. திருந்தாமல் சாவதே மன்னிப்பில்லாத பாவமென்று அகுஸ்தீன் சொன்னது மெய்யானால், குருமார் அவ்வுயர்குலத்தாருக்குச் செய்தது தயவா, துரோகமா? குடிசையில் கிடந்தவனுக்குக் குரு வராமற்போனார். மாளிகையில் கிடந்தவனுக்குக் குரு வந்தும் அவனுடைய மிகப்பெரிய கடனைக் கேளாமலே எழுந்து போனார்.

கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த நம் முன்னோர் இவ்வழக்கத்தையும் மூட்டையில் கட்டிக்கொண்டே வந்தனர். கங்காணிகள் காலத்தில் தோட்டங்களில் சாதிக்கொரு லயம் பிரித்துவைத்ததை முதியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். இப்பொழுது அப்படியில்லை, லயங்களில் எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களே சில. பேதம் பார்க்க ஆள் போதாது என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் அம்மூதாட்டியார் கிடந்த அதே வரிசையில், நான்காவது வீட்டில், அவரைப்போலவே கத்தோலிக்கரான ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருஷமாக அண்டை வீட்டார். அன்றிரவு அவரும் வந்திருந்தார். பாதிரியாருக்குக் குடை பிடித்தார். வாசல்வரை வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்று பேரன் அழைத்தான். இங்கேயே இருக்கிறேன் தம்பி என்றார். தேநீர் வந்தது; பாதிரியார் எடுத்துக்கொண்டார்; அவர் வேண்டாமென்றார். மறுநாள் பிரேதம் எடுக்கும்வரையில் மழையில் வெளியிலேயே நின்றார். வருஷந்தவறாமல் பாஸ்குக் காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் அவர். அந்த வருஷத்துப் பாஸ்கு ஏப்ரலில் வந்தது. அவரும் போய்வந்ததைக் கண்டோம்.