துட்டு

காரிமங்கலம் வாரச் சந்தையில் புளி விற்ற பாட்டி ஒருத்தியிடம் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி வருவதாயில்லை.

"அற்ப ஐந்து ரூபாய்! அதற்கு இவ்வளவு பிடிவாதமா, பாட்டி?" என்றேன்.

"அற்பமுன்னா நீங்களே விட்டுடறதுதானே, சாமி? நாலு துட்டு பார்க்கத்தானே விடியறதுக்கு முந்தி மூட்டை தூக்கிக்கிட்டு வந்திருக்கேன்?"

கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாய்பேசாமல் பஸ் ஏறினேன். புளியோடு அந்தத் 'துட்டு'ம் என்னுடன் ஏறிக்கொண்டது.

துட்டு தமிழில் பிறந்த சொல் அன்று. டச்சுக்காரர் கப்பலில் வந்தது. அவர்கள் நாட்டில் அது மிகச் சிறிய செப்புக் காசு. 160 துட்டுச் சேர்ந்தால்தான் ஒரு கில்டர். 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த டச்சுக்காரர், 1781-ல் அதை ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தனர். பழவேற்காடும் பின்னர் கைமாறியது. கோட்டை போயிற்று, கொடி போயிற்று, காசும் செல்லாக்காசாயிற்று. சொல் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இதே காசின் பெயர் இங்கிலாந்துக்கும் போயிற்று. அங்கே 'டாய்ட்' என்று பெயர் திரிந்து, ஷேக்ஸ்பியர் நாடகங்களிலும் இடம் பிடித்தது. ஆனால் மரியாதைதான் கிடைக்கவில்லை. ஒரு டாய்ட்கூடப் பெறாத விஷயம் என்றால், நம் பேச்சில் சல்லிக்காசுக்குப் பெறாதது என்று பொருள். அற்பமானதற்கெல்லாம் அது அடையாளமாகிவிட்டது.

தமிழ்நாட்டிலோ துட்டு என்றால் பணமேதான். துட்டுள்ளவன் என்றால் பணக்காரன்! டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவிலும் பேச்சுவழக்கில் 'டூயிட்' என்றால் பணந்தான்.

ஒரே காசுக்கு ஏன் இப்படி இரண்டு தலைவிதி? எனக்குத் தோன்றுவது இதுதான்: பொன்னையும் வெள்ளியையும் எண்ணுகிறவனுக்குச் செம்பு அற்பம். செம்பைத் தவிர வேறொன்றும் கைக்கு வராதவனுக்கு அதுவே செல்வம். அகராதியில் ஏறும் அர்த்தத்தையும் மடியின் கனமே தீர்மானிக்கிறது போலும்.

பாட்டியிடம் நான் பேசியது ஆங்கில டாய்ட். அவள் பதில் சொன்னது தமிழ்த் துட்டு.

மறுநாள் ரசம் ஊற்றும்போது, "புளி முதல்தரம், என்ன விலை?" என்று கேட்டாள் என் மனைவி. விலையைச் சொன்னேன். அற்ப ஐந்து ரூபாய்க்கு வாதாடியதை மட்டும் சொல்லவில்லை.