தேநீர் அறையில் பிறந்த நான்கு வரிகள்

தாம்பரம் மேற்கில் பேருந்துகள் திரும்பும் இடத்தை ஒட்டிய தேநீர்க் கடைகளில், வடை எடுத்துக்கொடுக்கப் பழைய நாளிதழ்களைக் கிழித்து அடுக்கி வைத்திருப்பார்கள். எண்ணெய் ஊறிய அந்தத் துண்டுகளில் சிலவற்றில் ஒரு செய்தியின் அடிப்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கும். தலைப்பு போயிருக்கும், படம் போயிருக்கும். கீழே கட்டம் கட்டிப் போட்ட நான்கு வரி மட்டும் நிற்கும். விரலைத் துடைத்துக் கசக்கி எறிந்துவிட்டு எல்லோரும் ரயிலுக்கு ஓடுவார்கள். அந்த நான்கு வரி அங்கே வந்து சேர எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதன் பயணம் ஒரு சிறுமியின் சவக்குழியருகே தொடங்கியது.

1935-ம் ஆண்டு. இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் உதவிக் குருவானவர், தம் வாழ்வின் முதல் அடக்க ஆராதனையை நடத்தப் போனார். இறந்தவளுக்கு 14 வயது. அவள் வயதுக்கு வந்திருந்தாள். தண்ணீர் ஊற்ற அத்தைமாரும் சொல்லிக்கொடுக்கப் பாட்டிமாரும் கூடுகிற வீடுகள் நம் பக்கம் உண்டு. அவளுக்கோ என்ன நடக்கிறது என்று சொல்ல ஒரு வாய்கூட இல்லை. ஏதோ வெட்கக்கேடான நோய் வந்துவிட்டதென்று நினைத்து, தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். தேவாலயத்தின் புனித மண்ணில் அவளுக்கு இடம் மறுக்கப்பட்டது. கேட்பதற்கு ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்பது வாராவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இளைஞர்களிடம் உடலைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுவேன் என்று அந்தக் குழியின் ஓரத்தில் அவர் எடுத்த உறுதி, பதினெட்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வடிவில் வெடித்தது.

இடைப்பட்ட காலத்தில் வாரா குடும்பச் செலவைச் சமாளிக்கச் சிறுவர் படக்கதைகளும் எழுதினார். 1952-ல் ‘பிக்சர் போஸ்ட்’ இதழில் பாலுறவு பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு நூற்றுக்கணக்கில் கடிதங்கள் வந்தன. அவற்றுள் சில, சாகத் துணிந்தவர்கள் எழுதியவை. லண்டனில் நாளொன்றுக்கு மூன்று பேர் தற்கொலையால் இறக்கிறார்கள் என்ற தகவலும் அவர் காதுக்கு வந்தது. தீ பிடித்தால் கூப்பிட ஓர் எண் இருந்தது. திருடன் வந்தாலும் ஓர் எண் இருந்தது. சாக வேண்டும் என்று தோன்றியவர் யாரைக் கூப்பிடுவார்? மறு ஆண்டு, போரில் குண்டடிபட்டிருந்த செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயம் அவர் பொறுப்புக்கு வந்தது. வங்கிகள் சூழ்ந்த பகுதி. இரவில் அங்கே குடியிருப்பவர்கள் மிகக் குறைவு. நேரம் கிடைத்தது, இடம் கிடைத்தது. எண் மட்டும்தான் பாக்கி.

கலங்கிய மனத்திலும் நிற்கிற எண்ணாக அது இருக்க வேண்டும் என்று வாரா விரும்பினார். அந்த வட்டாரத் தொலைபேசி நிலையத்தின் பெயர் மேன்ஷன் ஹவுஸ். அதன் முதல் மூன்று ஆங்கில எழுத்துகளுடன் 9000 சேர்ந்தால் ‘மேன் 9000’. அதைக் கேட்டு வாங்க, தேவாலயத்தில் தூசி படிந்து கிடந்த தொலைபேசியிலிருந்தே நிலையத்தை அழைத்தார். எந்த எண்ணிலிருந்து பேசுகிறீர்கள் என்று மறுமுனையில் கேட்டார்கள். வாரா தூசியைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். அதில் எழுதியிருந்தது: மேன் 9000. 1953 நவம்பர் 2-ம் தேதி அந்தத் தொலைபேசி முதல்முறையாக உதவி கேட்டு மணியடித்தது. அடுத்து வந்தது யாரும் எதிர்பார்க்காத கூட்டம்.

பத்திரிகைகள் இந்தச் சேதியைக் கொண்டாடின. ‘டெய்லி மிரர்’ விவிலியக் கதையின் நல்ல சமாரியனை நினைவூட்டிப் பெயர் சூட்ட, ‘சமாரிட்டன்ஸ்’ என்ற பெயரே அமைப்புக்கு நிலைத்தது. போனில் பேசியது போதாமல் மக்கள் நேரிலும் வந்தார்கள். வாரா ஒருவர்தான், வெளியே வரிசை நீண்டது. உதவிக்கு வந்த சாதாரண ஆண்களும் பெண்களும் காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வேலை அவ்வளவுதான் என்று வாராவும் நினைத்தார், அவர்களும் நினைத்தார்கள். சில வாரங்களில் அவர் ஒன்றைக் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர் அவரைப் பார்க்காமலேயே முகம் தெளிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆலோசனை சொல்லும் குருவைத் தேடி வந்தவர்களுக்கு, தேநீர் கொடுத்தவரின் காதே போதுமானதாக இருந்தது. இன்னொருவராக இருந்தால் மனம் சுருங்கியிருக்கும். வாரா ஒதுங்கி வழிவிட்டார். 1954 பிப்ரவரி 2-ம் தேதி அந்தத் தொலைபேசியைத் தன்னார்வலர்களின் கையில் ஒப்படைத்தார். போதிக்காதே, தீர்ப்புச் சொல்லாதே, நம்பிச் சொன்னதை வெளியே விடாதே, கேள் என்பதே அவர்கள் பிடித்துக்கொண்ட நெறி. ஆனால் அழைத்தவர்கள் எல்லோருக்கும் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கிக்கொண்டிருந்தது.

தற்கொலை முயற்சி அந்நாளில் இங்கிலாந்தில் குற்றம். 1961-ல் அந்தச் சட்டத்தை அவர்கள் தூக்கி எறிந்தார்கள். ஆனால் 1860-ல் அவர்கள் இங்கே எழுதிவைத்துப் போன இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு அப்படியே நின்றது. பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. மருத்துவமனைப் படுக்கையருகே போலீஸ் வந்து நிற்கும் என்று பயந்து, தவறுதலாக நடந்துவிட்டது என்று குடும்பங்கள் சொல்லின. சொன்னால் குற்றம், சொல்லாவிட்டால் உதவி இல்லை. இந்த முட்டுச்சந்துக்குள்தான் சென்னையில் ஒரு மனநல மருத்துவர் நுழைந்தார்.

வாராவின் வழி அதற்குள் கடல் தாண்டியிருந்தது. 1974-ல் கொழும்பில் ஜோன் டி மெல் ‘சுமித்ரயோ’வைத் தொடங்கியிருந்தார். நல்ல நண்பர்கள் என்பது அதன் பொருள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986 ஏப்ரலில் தொடங்கிய அமைப்புக்கும் நட்பே பெயரானது: ‘சினேகா’. நம் பாட்டிமார் ‘சிநேகிதம்’ என்று சொன்ன அதே சொல். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தார்கள். கதவைத் திறந்தார்கள். ஆனால் லண்டனில் வராத ஒரு சிக்கல் இங்கே வந்தது.

தொலைபேசி எங்கே இருந்தது? இணைப்புக்கு எழுதிப்போட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் தெருக்களில் ஒரு வீட்டில் போன் இருந்தால் அது தெருவுக்கே போன். கூடத்தின் நடுவில், எல்லோர் காதும் கேட்க அதில் என்ன சொல்ல முடியும்? நேரில் வந்தவர்களையும் கடிதம் எழுதியவர்களையும் சேர்த்தே சினேகா வரவேற்றது. பிறகு எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுகள் வந்தன, பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் நாணயத் தொலைபேசி வந்தது. வீட்டில் சொல்ல முடியாததைச் சொல்ல முதல்முறையாக ஒரு மறைவிடம் கிடைத்தது. இருந்தும் ஒரு கேள்வி துரத்தியது: வெறுமனே கேட்பது உயிரைக் காப்பாற்றுமா?

விடை ஓர் ஆய்விலிருந்து வந்தது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், உயிரை மாய்க்க முயன்று பிழைத்த 1,867 பேரைப் பின்தொடர்ந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சு, பின் 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ போனிலோ ஒரு விசாரிப்பு. 2008-ல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். தேநீர் அறையில் வாரா கண்டது கண்மயக்கமல்ல என்று எண்கள் சொல்லின.

சினேகா காதோடு நிற்கவில்லை. தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் வந்த அழைப்புகள் அரசின் கதவைத் தட்டவைத்தன. ஒரு பாடத்தில் தவறினால் ஓராண்டே போய்விடும் என்ற நிலை மாறி, தவறியவர்கள் சில வாரங்களில் மறுபடி எழுதும் துணைத்தேர்வு தமிழ்நாட்டில் வந்தது. ஆனால் அதற்குள் பிள்ளைகள் பேசும் இடமே வேறாகியிருந்தது.

1994-லேயே சமாரிட்டன்ஸ் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதத் தொடங்கியது. பிறகு செல்போன் எல்லோர் கைக்கும் வந்தது. சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் அறைகளில் கடைசி மின்சார ரயிலின் சத்தம் ஓய்ந்த பின், திரை வெளிச்சத்தில் முகம் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். இனி முடியாது என்று ஒருவர் எழுத, எனக்கும் அப்படித்தான் என்று இன்னொருவர் எழுதினார். ஏளனம் இல்லை, அறிவுரை இல்லை, போலீஸ் இல்லை. ஆறுதல் உண்மையாகவே இருந்தது. அது வாராவின் காத்திருப்பு அறைதான், உலகளவு பெரிதாகிவிட்ட அறை. ஆனால் அந்த அறையில் எல்லோரும் காத்திருப்பவர்களாக இருந்தார்கள். நீந்திக் களைத்த இருவர் ஒருவர் தோளை ஒருவர் பற்றுவதுபோல, சில இரவுகளில் ஒருவரின் இருட்டு மற்றவரையும் இழுத்தது. தேநீர் கொடுக்கும் ஆளை அங்கே எப்படி அனுப்புவது? வழி காட்டியது ஓர் இசை நாடகத்தின் ஊர்.

வியன்னாவில் 1980-களில் தற்கொலைச் செய்திகளைப் பரபரப்பாக எழுதியபோது அதே விதமான சாவுகள் பெருகின. 1987-ல் எழுதும் விதத்தைப் பத்திரிகைகள் மாற்றிக்கொண்டன. எண்ணிக்கை விரைவில் சரிந்தது. 2010-ல் அதே நகரின் ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள்: நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களின் கதைகள் வெளியான பிறகு தற்கொலைகள் குறைந்து காணப்பட்டன. மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ நாடகத்தில், காதலியை இழந்தோம் என்று சாகத் துணிந்த பப்பகேனோவுக்கு மூன்று சிறுவர்கள் வேறு வழியை நினைவூட்டுவார்கள். அவன் பெயரையே அந்த விளைவுக்கு வைத்தார்கள். செய்தி கொல்லவும் செய்யலாம், காக்கவும் செய்யலாம் என்பது தெரிந்துபோனது.

பிறகு கதவுகள் அடுத்தடுத்துத் திறந்தன. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, பராமரிப்பது அரசின் கடமை என்றது. 158 ஆண்டுகளுக்குப் பின், 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தபோது தலைக்கு மேல் தொங்கிய கத்தி விலகியது. 2019-ல் இந்தியப் பத்திரிகை கவுன்சில், உலக சுகாதார நிறுவனத்தை அடியொற்றி நெறிமுறை வகுத்தது: முறையை விவரிக்காதே, தலைப்பில் கத்தாதே, படம் போடாதே. உலக சுகாதார நிறுவனம் செய்தியாளர்களிடம் இன்னொன்றையும் கேட்டிருந்தது: உதவி எங்கே கிடைக்கும் என்று சொல். 2022-ல் மத்திய அரசின் டெலி மானஸ் எண் வந்தது. அதே எண்ணில் தமிழ்நாடு தொடங்கிய சேவைக்கு ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். மறுபடியும் நட்பு.

இவ்வளவும் சேர்ந்துதான் அந்தக் கட்டமானது. தற்கொலை எண்ணத்திலிருந்து மீண்டு வர முடியும். சினேகா 044-24640050, டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 என்று முடியும் நான்கு வரி. லிங்கனில் ஒரு சிறுமிக்குக் கிடைக்காத காது அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறது. லண்டனில் தேநீர் கொடுத்தவர்களின் பொறுமை இருக்கிறது.

தாம்பரத்துத் தேநீர்க் கடையில் அந்தத் துண்டுகள் இன்றும் கசக்கி எறியப்படுகின்றன. ஆயிரத்தில் ஒன்றை, கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாராவது மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். அந்த ஒருவருக்காகத்தான் அதைக் கட்டம் கட்டிப் போட்டார்கள்.